ஒப்பந்தக்காரர்களுக்குக் கிரெடிட் கார்டில் பணம் கொடுத்துப் புள்ளி சேர்க்கலாமா?

கேள்வி: காரைக்குடிக்கு அருகில் எங்கள் பூர்வீக வீட்டின் ஒரு பகுதியை விருந்தினர் விடுதியாக நடத்தி வருகிறேன். வளவைச் சுற்றியுள்ள அறைகளை இந்த ஆண்டு சீரமைக்க ஏறத்தாழ 9 லட்ச ரூபாய் ஆகும் போலிருக்கிறது. கொத்து வேலைக்கு ஒரு மேஸ்திரி, மர வேலைக்கு ஓர் ஆசாரி, வயரிங்குக்கும் குழாய் வேலைக்கும் தனித்தனி ஆட்கள் என்று எல்லோரும் தனித்தனி ஒப்பந்தத்தில்தான் வருகிறார்கள். இந்த நேரத்தில் ஒரு வங்கி எனக்குக் கிரெடிட் கார்டு தர முன்வந்துள்ளது. முதல் 90 நாட்களில் 4 லட்ச ரூபாய் செலவழித்தால் 40,000 வரவேற்புப் புள்ளிகள் தருவார்களாம். ஆண்டுக் கட்டணம் 5,000 ரூபாய். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, “எப்படியும் கொடுக்கப் போகிற கூலிதானே, கார்டில் கொடுத்துவிடு, அக்கா” என்கிறான். ஆனால் இந்த ஆட்கள் யாரிடமும் ஸ்வைப் மெஷின் இல்லை. இரும்புக் கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவர், தம் கடையில் கார்டைத் தேய்த்துவிட்டு ரொக்கமாக வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். செய்யலாமா? வருமான வரியில் சிக்கல் வருமா?

பதில்:

ஆச்சி அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் இருக்கும் யோசனைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் மற்றவை லாப நட்டக் கணக்கு, இது மட்டும் உங்களையும் உங்கள் உறவினரையும் ஒருசேர மாட்டிவிடக்கூடியது. இரும்புக் கடையில் கார்டைத் தேய்த்து ரொக்கம் வாங்கவே வாங்காதீர்கள். 4 லட்ச ரூபாய்க்குத் தேய்த்தால் அவர் கடைக் கணக்கில் 4 லட்ச ரூபாய்க்கு விற்பனை நடந்ததாகப் பதிவாகும். சரக்கு வெளியே போகாமலே அதற்குப் பில் போட்டால் அது ஜிஎஸ்டி சட்டப்படி போலிப் பில். 18 சதவீத வரி என்று வைத்தால் 4 லட்சத்துக்குள் அடங்கிய வரி மட்டும் ஏறத்தாழ 61,000 ரூபாய், அதே அளவுக்கு அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பில் போடாமல் விட்டாலோ, வங்கிக்கு வந்த பணத்துக்கு அவரால் கணக்குக் காட்ட முடியாது. உங்கள் பக்கத்திலும், வாங்காத கம்பியையும் சிமெண்டையும் விடுதிச் செலவில் எழுத வேண்டிய நிலை வரும். கடைக்கு மெஷின் கொடுத்த வங்கி இதைக் கண்டுபிடித்தால் மெஷினைத் திரும்பப் பெறும். கார்டு கொடுத்த வங்கி புள்ளிகளை ரத்து செய்து கார்டையும் முடக்கும். அவர் உங்கள்மேல் உள்ள அன்பினால் சொல்லியிருக்கலாம். ஆனாலும் வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் தம்பி சொல்வது அவர் இருக்கும் நாட்டில் நடக்கிற காரியம்தான். அங்கே சிறுதொழில் செய்பவர்கள் புதுக் கார்டு வாங்கும்போது கிடைக்கும் வரவேற்புச் சலுகை பெரியது. மூன்று மாதத்தில் 6,000 டாலர் செலவழித்தால் 750 டாலர் என்கிற அளவில் சலுகைகள் வந்திருக்கின்றன. கார்டு வாங்காத ஒப்பந்தக்காரருக்கும் பணம் சேர்ப்பிக்கும் இடைநிலை நிறுவனங்கள் அங்கே உண்டு. அவை நம் கார்டிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டு ஒப்பந்தக்காரரின் வங்கிக் கணக்குக்கோ காசோலையாகவோ அனுப்பிவிடும், அதற்கு ஏறத்தாழ 2.9 சதவீதம் கட்டணம் வாங்கும். 6,000 டாலருக்கு 174 டாலர் கட்டணம் போனாலும் 576 டாலர் மிஞ்சுகிறது. வரிப் படிவத்திலும் ஒரு வசதி இருக்கிறது. தனி ஒப்பந்தக்காரருக்கு நேரடியாகக் கொடுத்த தொகைக்கு, பணம் கொடுத்தவரே 1099-என்இசி என்ற படிவம் தாக்கல் செய்ய வேண்டும். கார்டு வழியாகக் கொடுத்த தொகை அந்தப் படிவத்தில் வராது, அதைத் தெரிவிக்கும் பொறுப்பு பணத்தைக் கையாளும் நிறுவனத்தைச் சேர்ந்தது. ஆகவே அங்கே கணக்குத் தெரிந்தவர் இதைச் செய்வதில் தவறு எதுவும் இல்லை.

இங்கே இரண்டு இடங்களில் அந்த வழி அடைபடுகிறது. ஒன்று, இடைநிலை நிறுவனம். கார்டு ஏற்காதவர்களுக்கு இடைநிலையாளர் மூலம் வணிகப் பணம் செலுத்தும் ஓர் ஏற்பாட்டை, 2024 பிப்ரவரி 15 அன்று வெளியிட்ட அறிக்கையில் ரிசர்வ் வங்கி நிறுத்திவைத்தது. இத்தகைய ஏற்பாட்டுக்கு 2007ஆம் ஆண்டுப் பணப் பட்டுவாடா முறைகள் சட்டத்தின் கீழ் அனுமதி தேவை என்பதும், பெருந்தொகைகள் அந்தச் சட்டத்தின் கண்காணிப்பில் இல்லாத கணக்கில் தேங்குகின்றன என்பதும், பணம் கொடுப்பவர், பெறுபவர் பற்றிய விவரங்கள் விதிப்படி சேகரிக்கப்படவில்லை என்பதும் அது சொன்ன காரணங்கள். அடுத்து 2025 செப்டம்பர் 15 அன்று வந்த விதிகளின்படி, பணப் பரிமாற்ற நிறுவனம் தன்னோடு ஒப்பந்தம் செய்துகொண்டு அடையாளச் சரிபார்ப்பு முடித்த வியாபாரிகளுக்கு மட்டுமே பணம் வசூலித்துக் கொடுக்கலாம். அதன் பிறகுதான் பல செயலிகள் கார்டு வழியாக வீட்டு வாடகை செலுத்தும் வசதியை எடுத்துவிட்டன. எங்காவது ஒரு செயலியில் அந்த வசதி மிச்சமிருந்து, மேஸ்திரியை ‘வீட்டு உரிமையாளர்’ என்று பதிந்து கூலியை வாடகையாக அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் அதைக் கேட்காதீர்கள். அது பொய்யான விவரம் கொடுப்பது. போதாக்குறைக்கு, பெரும்பாலான வங்கிகள் வாடகைக்குப் புள்ளி தருவதை நிறுத்திவிட்டதோடு தனிக் கட்டணமும் வாங்குகின்றன.

ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்து, மேஸ்திரியின் கைபேசி எண்ணுக்கு அனுப்பலாமா என்று நீங்கள் யோசிக்கக்கூடும். தனி நபருக்கு அந்த வழியில் பணம் போகாது. வியாபாரிக்கு உரிய க்யூஆர் இருந்தால் மட்டுமே போகும்.

அடைபடுகிற இரண்டாவது இடம், சலுகையின் அளவு. அதை உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம். உங்கள் 40,000 புள்ளிகள் எவ்வளவு பெறும் என்பது அவற்றை எதற்குக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விமானச் சீட்டுக்கு ஒரு புள்ளி 50 காசு என்றும், கார்டு பில்லிலேயே கழித்துக்கொண்டால் 20 காசு என்றும் வைத்துக்கொள்வோம். இந்த வகையில்தான் பல கார்டுகள் மதிப்பு வைக்கின்றன. முதல் கணக்கில் 20,000 ரூபாய், இரண்டாவது கணக்கில் 8,000 ரூபாய். செலவுப் பக்கத்தில் ஆண்டுக் கட்டணம் 5,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 900 ரூபாயும் சேர்ந்து 5,900 ரூபாய். உங்கள் ஒப்பந்தக்காரர் ஒருவர் மெஷின் வாங்கி வைத்து, வங்கி பிடிக்கும் 2 சதவீதக் கட்டணத்தையும் அதன்மேல் ஜிஎஸ்டியையும் உங்கள் தலையில் வைத்தால், 4 லட்ச ரூபாய்க்கு 9,440 ரூபாய். ஆகமொத்தம் 15,340 ரூபாய் கொடுத்து 20,000 ரூபாய் மதிப்புள்ள சீட்டு வாங்குகிறீர்கள், அல்லது 8,000 ரூபாய் தள்ளுபடி வாங்குகிறீர்கள். முதலாவதில் 4,660 ரூபாய் மிச்சம், இரண்டாவதில் 7,340 ரூபாய் நட்டம். அந்த மிச்சமும், நீங்கள் எப்படியும் அந்தச் சீட்டை வாங்கியிருப்பீர்கள் என்றால்தான் மிச்சம். உங்கள் விடுதியில் ஓர் அறைக்கு நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேற்படாது என்றால், வங்கிக் கட்டணத்தின் மேல் கட்டிய ஜிஎஸ்டியையும் திரும்ப எடுக்க முடியாது; 2025 செப்டம்பர் 22 முதல் அந்த அறைகளுக்கு 5 சதவீத வரிதான், ஆனால் உள்ளீட்டு வரி வரவு கிடையாது.

கட்டணத்தை மேஸ்திரியே ஏற்றுக்கொள்ளட்டுமே என்று சிலர் சொல்வார்கள். சட்டப்படி அதில் குற்றமில்லை; கார்டு வாங்கும் வியாபாரி கட்டணத்தைத் தானே ஏற்க வேண்டும் என்றுதான் வங்கி ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இருக்கும். ஆனால் அவர் கையில் புழங்கும் பணம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். சனிக்கிழமை மாலை வேலை முடிந்து, கொத்தனாரும் சித்தாளும் கைகால் கழுவிக்கொண்டு முகப்புத் திண்ணையில் வந்து உட்காரும்போது அவர் வாரக் கூலியை எண்ணிக் கொடுத்தாக வேண்டும். அன்று மதியம் நீங்கள் தேய்க்கும் கார்டுப் பணம் அவர் கணக்குக்குப் பெரும்பாலும் அடுத்த வேலை நாளில்தான், கட்டணம் பிடித்துக்கொண்டு, வந்து சேரும். அதற்குள் அவர் யாரிடமாவது கைமாற்று வாங்கியிருப்பார். கூலி ஒப்பந்தத்தில் அவருக்கு மிஞ்சுவது மிகக் குறைவு. அதில் 2 சதவீதத்துக்கு மேல் எடுத்து நம் விமானச் சீட்டுக்குக் கொடுக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த முறை அவர் அந்தத் தொகையைக் கூட்டித்தான் விலை சொல்வார், அதுவும் உங்களிடம்தான் வரும்.

அப்படியென்றால் கார்டே வேண்டாமா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். வேலையைப் பேசும் முறையை மாற்றினால் கட்டணம் இல்லாமலே உங்கள் 4 லட்ச ரூபாய் இலக்கு எட்டிவிடக்கூடும். 9 லட்ச ரூபாயில் கூலி எவ்வளவு, பொருள் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. மேஸ்திரியிடம் பொருளோடு சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசாமல், பொருள் நம்முடையது, கூலி மட்டும் அவருடையது என்று பேசுங்கள். சிமெண்ட், கம்பி, ஒயர், சுவிட்ச் பெட்டி, குழாய், மோட்டார், குளியலறைச் சாமான், பெயிண்ட் ஆகியவற்றைக் காரைக்குடியில் முறையான பில் போட்டுக் கார்டு வாங்கும் கடைகளில் நீங்களே வாங்குங்கள். உங்கள் உறவினர் கடையிலும் உண்மையாகவே கம்பி வாங்கிக் கார்டில் தாராளமாகப் பணம் கொடுக்கலாம். அதில் ஒரு தடையும் இல்லை. ஆனால் விலை கேட்கும்போது ரொக்கத்துக்கு, வங்கிப் பரிமாற்றத்துக்கு, கார்டுக்கு என்று மூன்று விலையும் கேளுங்கள். கார்டுக்கு 2 சதவீதம் கூடுதலாகச் சொல்லும் கடையில் கார்டு வேண்டாம். அங்கே வங்கிப் பரிமாற்றம் செய்யுங்கள்.

இந்த முறையில் உங்களுக்குக் கூடுதல் அலைச்சல் உண்டு. சாமான் குறைந்தால் மேஸ்திரி உங்களைத்தான் கேட்பார், வேலை நின்றால் ஆள் கூலி வீணாகும். பொருள் வாங்கும் பொறுப்பை ஏற்க வீட்டில் ஆள் இல்லையென்றால், புள்ளிக்காக மட்டும் இந்த வழிக்குப் போக வேண்டாம்.

ஆத்தங்குடிக் கற்கள் பதிப்பதாக இருந்தால் அவற்றைத் தனியாக வையுங்கள். கண்ணாடித் தட்டின்மேல் கையால் வண்ணம் ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்துச் செய்கிற அந்தக் கல்லைச் சிறு பட்டறைகளில்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். முன்பணம் கொடுத்து ஆர்டர் எழுதி, கல் பதமான பிறகு வாங்கி வருவது வழக்கம். அங்கே மெஷின் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வற்புறுத்தாமல் வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணத்தைக் கார்டில் கொடுத்து, பிறகு ஆர்டர் ரத்தானால், திரும்ப வந்த தொகை உங்கள் 4 லட்ச ரூபாய்க் கணக்கிலிருந்து கழிக்கப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய தேக்கு நிலை, கதவு, உத்திரம் வாங்கும் கடைகளுக்கும் இதே பேச்சுத்தான். அங்கே கார்டைவிடப் பில் கிடைக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறொன்று. நம் பக்கத்து விடுதிகளுக்கு மார்கழி, தை, மாசியில்தான் விருந்தினர் வரத்து அதிகம். சீரமைப்பு வேலையை அறைகள் காலியாக இருக்கும் வெயில் காலத்திலோ, ஐப்பசி மழைக்கு முன்போ செய்கிறோம். அதாவது கார்டு பில் மாதாமாதம் வந்து நிற்கும் மூன்று மாதமும் உங்களுக்கு அறை வருமானம் குறைவாக இருக்கும் மாதங்கள். பில் தொகையை முழுமையாகக் கட்டாவிட்டால் வட்டியில்லாக் காலம் என்ற சலுகை போய்விடும். பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும், அடுத்து வாங்குபவற்றுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி உண்டு. மாதத்துக்கு 3.5 சதவீதம் என்பது இங்கே வழக்கமான விகிதம், ஆண்டுக்கு 42 சதவீதம். 4 லட்ச ரூபாய் ஒரு மாதம் நின்றால் வட்டி 14,000 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி 2,520 ரூபாய். ஒரே மாதத்தில் 16,520 ரூபாய் போய்விட்டால் புள்ளிக் கணக்கைத் திறந்து பார்க்கவே வேண்டியதில்லை. 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னதை நம்பி இன்னும் சிலர் பேசுகிறார்கள். அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. ஆகவே 4 லட்ச ரூபாயும் இன்றே உங்கள் வங்கிக் கணக்கில் இருந்தால் மட்டும் கார்டு வாங்குங்கள். ஒவ்வொரு முறை தேய்த்ததும் அதே தொகையைத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றி வைத்துவிடுங்கள். சீரமைப்புக்கு வங்கிக் கடனும் கேட்கப் போகிறீர்கள் என்றால், கடன் முடிவாகும் வரை கார்டைத் தொடாதீர்கள். வரம்பு முழுவதையும் பயன்படுத்திய கார்டு உங்கள் சிபில் மதிப்பெண்ணைக் குறைக்கும்.

வரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கார்டில் கொடுத்தாலும் வங்கியில் கொடுத்தாலும் செலவு செலவுதான்; கார்டு ஸ்லிப் பில் ஆகாது. கடைப் பில்லில் விடுதியின் பெயர் இருக்க வேண்டும், ஒப்பந்தக்காரரிடம் வேலை விவரம், அளவு, தொகை, பான் எண் எழுதிய ரசீது வாங்க வேண்டும். கடந்த நிதியாண்டில் உங்கள் விடுதியின் மொத்த வரவு 1 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தால், ஒரே பில் 30,000 ரூபாய்க்கு மேலோ ஆண்டு மொத்தம் 1 லட்ச ரூபாய்க்கு மேலோ போகும் ஒப்பந்தக்காரருக்கு டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே வருமான வரியைக் கழித்து அரசுக்குக் கட்டுவது, பிடிக்கும் கடமை உங்களுக்கு உண்டு. தனி நபருக்கு 1 சதவீதம், நிறுவனமாக இருந்தால் 2 சதவீதம், பான் எண் தராதவருக்கு 20 சதவீதம். நாம் 194சி என்று சொல்லிப் பழகிய பிரிவு இது; 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்தான் மாறியிருக்கிறது. கார்டில் கொடுப்பதால் இந்தக் கடமை நீங்காது. இந்த இடத்தில் அமெரிக்க வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் தவறாகிவிடும். 1 லட்ச ரூபாய் பில்லுக்கு 99,000 ரூபாய் கொடுத்து 1,000 ரூபாயை அரசுக்குக் கட்ட வேண்டும். வரவு 1 கோடிக்குள் என்றால் இந்தப் பேச்சே இல்லை.

ஒப்பந்தக்காரருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகையைத் தொழில் செலவாகக் கழிக்க முடியாது என்பதால், மேஸ்திரிக்கும் ஆசாரிக்கும் வெள்ளிக்கிழமையே வங்கி வழியாக அனுப்பிவிடுவது இரண்டு பேருக்கும் நல்லது. ஓர் ஆண்டில் கார்டு பில்லாக 10 லட்ச ரூபாயோ அதற்கு மேலோ கட்டினால், அல்லது 1 லட்ச ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கட்டினால், வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கும். பில்கள் கையில் இருக்கும்போது அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

கார்டுக்குக் கையெழுத்துப் போடும் முன் வங்கிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். 90 நாள் எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது, எந்தெந்தச் செலவு 4 லட்ச ரூபாய்க் கணக்கில் சேராது, தவணையாக மாற்றிய தொகை சேருமா, புள்ளி எப்போது வரவு வைக்கப்படும், எப்போது காலாவதியாகும், எதற்கு எவ்வளவு மதிப்பு என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். கட்டணங்களை ஒரே பக்கத்தில் சொல்லும் முக்கிய விவரத் தாளை விண்ணப்பத்தோடு வங்கி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதையும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான கார்டுகளில் நாட்கணக்கு, கார்டு வழங்கிய தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். எனவே மேஸ்திரியோடு கூலி பேசி முடித்து, கடைகளில் விலைப் பட்டியல் வாங்கி, பொருள் மட்டும் 4 லட்ச ரூபாயைத் தாண்டும் என்று உறுதியான பிறகே விண்ணப்பியுங்கள். பொருள் கணக்கு 3 லட்சத்திலேயே நின்றுவிட்டால், மிச்சத்தை நிரப்பத் தேவையற்றதை வாங்க வேண்டாம். அந்தக் கார்டை விட்டுவிட்டு, குறைந்த இலக்கும் கட்டணமற்ற முதல் ஆண்டும் உள்ள வேறொன்றைப் பாருங்கள். வங்கியின் பதிலும் விலைப் பட்டியல்களும் வந்ததும், கடந்த ஆண்டு வரவு எவ்வளவு என்பதையும் குறித்து எனக்கு அனுப்பிவையுங்கள். டிடிஎஸ் பிடிக்க வேண்டுமா என்பதை முதல் பட்டுவாடாவுக்கு முன்பே முடிவு செய்துவிடலாம்.